பத்துக்கு ஆறு மழை

ஐப்பசி முழுக்க ஒரு துளி விழாமல், கார்த்திகையும் பாதி கழிந்து, கண்மாய்க்குள் ஆடு மேய்ந்து, மிளகாய்ச் செடிகளெல்லாம் தலையைத் தொங்கப்போட்டுக் கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, நரிப்பொட்டல் இரண்டாம் எண் அங்கன்வாடியின் டீச்சர் பூமயில், துறை கொடுத்த செல்போனில், பிறந்த குழந்தைக்குச் சீம்பால் எப்போது கொடுக்க வேண்டும் என்ற கேள்விக்கு மூன்றாவது விடையை அமுக்கினாள். பச்சை டிக் விழுந்தது. அங்கன்வாடியின் ஓட்டுக்கூரை மேல் மழை பெய்தது.

ஒரு குடம் நிறைகிற நேரம் பெய்துவிட்டு நின்றது. அடுத்த கேள்விக்குப் பூமயில் தப்பாக அமுக்கினாள், சிவப்பாகப் பெருக்கல் குறி வந்தது, வானம் வெளுத்தே கிடந்தது. மூன்றாவது சரி, மழை. நான்காவது சரி, மழை. சமையல் பார்க்கிற முத்துராக்கு, கொடியில் கிடந்த பிள்ளைகளின் துண்டுகளை எடுப்பதும், நின்றுவிட்டதே என்று திரும்பக் காயப்போடுவதும், மறுபடி எடுத்துக்கொண்டு ஓடிவருவதுமாக இருந்து, கடைசியில் சலித்துப்போய், "என்ன டீச்சர் இது, விட்டு விட்டுப் பெய்யுது?" என்று கேட்டாள். "நெட்டு சரியில்ல போல" என்றாள் பூமயில். முடிந்தபோது பத்துக்கு ஆறு, மழையும் ஆறு. வேலிக்கு அந்தப் பக்கம் தெருவில் புழுதி பறந்தது, வேலிக்கு இந்தப் பக்கம் பிள்ளைகள் தேங்கிய தண்ணீரில் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

ஏன் பெய்தது என்று நரிப்பொட்டலில் யாரும் கேட்கவில்லை. மழையைப் பார்த்து ஏன் என்று கேட்கிற வசதி அந்த ஊருக்கு என்றைக்கும் இருந்ததில்லை. எங்கே பெய்யும், எத்தனை பெய்யும், அடுத்தது எப்போது, இவ்வளவுதான் கேட்டார்கள். ஒரே ஒருத்தி மட்டும் வேறொன்று கேட்டாள், அதையும் வாய்விட்டுக் கேட்கவில்லை, மனசுக்குள் கேட்டாள்: எனக்கு ஏன் பெய்யவில்லை? அவள் முதலாம் எண் அங்கன்வாடியின் டீச்சர் மங்களேஸ்வரி. இது அவளுடைய கதை. பூமயிலின் கதையென்று ஊரில் சொல்வார்கள், நம்பாதீர்கள்.

மங்களேஸ்வரி லேசுப்பட்ட ஆள் இல்லை. பிளஸ் டூவில் பள்ளிக்கூடத்திலேயே முதல் மார்க் எடுத்தவள், பத்தொன்பது வருஷ சர்வீஸ்காரி, அந்த வட்டாரத்தில் இருந்த அறுபத்திரண்டு அங்கன்வாடி டீச்சர்களுக்கும் மூளையாக இருந்தவள். துறையிலிருந்து ஆன்லைன் கோர்ஸ் ஒன்று வந்தால் போதும், வீடியோ பார்ப்பவள் அவள் ஒருத்திதான், தேர்வை முதலில் எழுதுபவளும் அவள்தான். எழுதி முடித்து, "ஒன்று இ, இரண்டு அ, மூன்று அ, நான்கு ஈ" என்று வாட்ஸ்அப் குரூப்பில் வரிசையாகப் போட்டுவிட்டு, போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கும்பிடுகிற கைகளாக வந்து விழும். நன்றி அக்கா, நன்றி டீச்சர், நீங்க இல்லாட்டி நாங்க எங்க போவோம் அக்கா. அவற்றை ஒன்று விடாமல் படிப்பாள், யார் நன்றி சொல்லவில்லை என்பதையும் மனசில் குறித்துக்கொள்வாள். ஆறு வருஷமாக இதுதான் வழக்கம், ஆறு வருஷமாக அந்த வட்டாரமே நூற்றுக்கு நூறு.

பூமயில் மட்டும் அந்த நூறில் சேரவில்லை. அவளுக்கு வந்த போனில், தேர்வை விட்டு வாட்ஸ்அப்புக்குப் போனால் தேர்வு மூடிக்கொள்ளும். விடைகளை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளலாமே என்றால், எழுதிய தாளை எங்கே வைத்தோம் என்று தேடுவாள், அப்படிப்பட்ட ஆள். அதனால் கேள்வியைச் சத்தமாகப் படிப்பாள், பக்கத்தில் இருப்பவர்களைக் கேட்பாள். "முத்துராக்கு அக்கா, இதுக்கு என்னத்தப் போடலாம்?" "ஏப்பா தங்கம், நீ என்ன சொல்ற?" மூன்று வயசுப் பிள்ளை விரல் காட்டிய இடத்தில் அமுக்குவாள். ஆறு வாங்குவாள், ஏழு வாங்குவாள், ஒருதடவை நாலு. மங்களேஸ்வரி அவளைப் பார்க்கும்போதெல்லாம் பாவம் என்று நினைப்பாள். பாவம் என்று நினைப்பதில் ஒரு சுகம் இருக்கிறது, அது போய்விட்டால்தான் தெரியும்.

சேதி தெரிந்த அன்றைக்கு மங்களேஸ்வரி சிரித்தாள். மறுநாள் இரண்டாம் பாடத்துக்கான தேர்வைத் தன் அங்கன்வாடி முற்றத்தில், வெட்டவெளியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எழுதினாள். யாராவது கேட்டால் உள்ளே டவர் கிடைக்கவில்லை என்று சொல்லலாமே என்று யோசித்தும் வைத்திருந்தாள். பத்துக்குப் பத்து, பத்துப் பச்சை டிக். ஒவ்வொரு டிக்குக்கும் அண்ணாந்து பார்த்ததில் கழுத்து வலித்ததுதான் மிச்சம். அன்றைக்கு வெயில் வழக்கத்தைவிடக் கூடுதலாக அடித்தது போலிருந்தது அவளுக்கு. அதே பாடத்துக்கு மதியம் பூமயில் எழுத, தெரு முழுக்கக் குடத்தோடு கூடி நிற்க, ஏழு மழை பெய்தது. குடங்கள் நிறைந்து அண்டாக்கள் நிறைந்து, கடைசியில் யாரோ ஒரு குழம்புச் சட்டியைக்கூடக் கொண்டுவந்து வைத்தார்கள். மங்களேஸ்வரி தன் வீட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனாள், வாசலோடு திரும்பிவிட்டாள்.

அதற்குப் பிறகு ஊர் கூடியது. பஞ்சாயத்துத் தலைவர் இருளப்பன் தலைமையில், இருபத்திரண்டு பாடங்கள் மீதம் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒரு தேர்வு, ஒரு தேர்வை ஒரு முறைதான் எழுதலாம், போனது போனதுதான், ஆகவே இனிமேல் டீச்சர் தேர்வை அங்கன்வாடியில் வைத்து எழுதித் தண்ணீரை வீணாக்கக் கூடாது, வயலில் வைத்துத்தான் எழுத வேண்டும், மிளகாய் போட்ட குடும்பங்களுக்கு ஆளுக்கு ஒரு பாடம், சீட்டுக் குலுக்கிப் போட்டு முறை என்று பேசி முடித்தார்கள். பூமயிலுக்கு இதில் சம்மதமா என்று யாரும் கேட்கவில்லை. அவளும் அதை ஒரு குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

"மங்களம் டீச்சர், ஒங்க வீட்டுச் சீட்டையும் போட்டுருவமா?" என்றார் தலைவர்.

மங்களேஸ்வரியின் புருஷன் சேதுமாணிக்கம் தலையை ஆட்டப் போனார். அதற்குள் அவள் எழுந்து, "எங்களுக்கு அவசரம் இல்ல. ஊருக்கெல்லாம் பெஞ்சு முடியட்டும். எங்களைக் கடைசியில போடுங்க" என்றாள். எல்லாரும் டீச்சருக்கு எவ்வளவு பெரிய மனசு என்றார்கள்.

வீட்டுக்கு வந்ததும் சேதுமாணிக்கம், "ஒனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா? ஒன்றரை ஏக்கர் செடியும் சுருண்டு கெடக்கு" என்று கத்தினார். "அவ பெய்ய வச்ச மழையில வெளஞ்ச மொளகாய என் கையால ஆய மாட்டேன்" என்றாள் மங்களேஸ்வரி. அவ்வளவுதான் விஷயம். அவளுக்குப் பொறாமை. சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை, வயிறு எரிந்தது, சாப்பிட்டால் எரிந்தது, சாப்பிடாவிட்டாலும் எரிந்தது, பூமயில் சிரித்தால் எரிந்தது, பூமயில் தெருவில் வந்து "மங்களக்கா, சாப்டீகளா?" என்று கேட்டால் இன்னும் கூடுதலாக எரிந்தது.

ஊர் அந்த மழையோடு வாழப் பழகிக்கொண்ட வேகத்தைப் பார்த்தால் நீங்களே அதிசயப்படுவீர்கள். வயல்களில் எங்கே இரண்டு கட்டை டவர் கிடைக்கிறது என்று பார்த்து அங்கே ஒரு குச்சி நட்டார்கள், குச்சிக்குப் பக்கத்தில் பூமயிலுக்கு நாற்காலி. போன் நனையாமலிருக்க உப்புப் பாக்கெட் கவரைக் கழுவிக் காயவைத்து அதற்குள் போட்டார்கள். கட்டையே கிடைக்காத வயல்காரர் தன் டிராக்டரைக் கொண்டுவந்து நிறுத்தி அதன் மேல் நாற்காலி போட்டு அதன் மேல் டீச்சரை ஏற்றினார். பூமயிலுக்கு மார்க் குறையக் குறைய மழை குறைகிறதே என்று கவலைப்பட்டு, காலையில் கோவில் மைக் செட்டில் சாமி பாட்டுக்குப் பதிலாகப் பாட வீடியோக்களைப் போட்டார்கள். டீக்கடையில் கந்தவேலு தண்ணீர் கொதிக்க வைத்துக்கொண்டே, கர்ப்பிணிக்கு இரும்புச்சத்து மாத்திரை நூற்றெண்பது நாளா தொண்ணூறு நாளா என்று சண்டை போட்டான். மீசை நரைத்த ஆட்களெல்லாம் பிள்ளைகளின் கைச்சுற்றளவை அளக்கிற நாடாவைப் பற்றிப் பேசினார்கள். ஆண்பிள்ளைகள் காதில் விழக்கூடாது என்று தாய்மார்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பேசுகிற சங்கதிகளை ஆண்பிள்ளைகளே வரப்பில் நின்று உரக்கக் கத்தினார்கள். வட்டார மேற்பார்வையாளர் மேடம் ஒருநாள் ஜீப்பில் வந்து, நனைந்த வயலையும் காய்ந்த வயலையும் பார்த்துவிட்டு, "முப்பத்தொன்னாம் தேதிக்குள்ள கோர்ஸ் முடிஞ்சாகணும், இன்னும் அறுபது பர்சென்ட் பெண்டிங் காட்டுது" என்று எச்சரித்துவிட்டுப் போனார்.

மங்களேஸ்வரி மைக் செட் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கஞ்சி கிண்டினாள். இவர்கள் காதில் விழும், மண்டையில் எங்கே ஏறப்போகிறது என்று நினைத்துக்கொண்டாள். அவள் வழக்கம்போல எல்லாப் பாடத்துக்கும் பத்துக்குப் பத்து வாங்கினாள், வழக்கம்போல குரூப்பில் போட்டாள், கும்பிடுகிற கைகள் வந்தன, ஆனால் அதற்குக் கீழேயே, "அக்கா, உங்க ஊரு பூமயில் டீச்சர் நம்பர் கிடைக்குமா? எங்க ஊரிலும் ஒரு தேர்வு எழுதித் தருவாங்களா?" என்றும் வந்தது.

எட்டு வயல் முடிந்த சமயம், ஆறு மழைக்குச் செடி பிழைக்கிறது, பத்து மழையாவது பெய்தால்தான் காய் பிடிக்கும் என்று ஊர் கணக்குப் போட்டது. தலைவர் நேராக மங்களேஸ்வரியின் அங்கன்வாடிக்கே வந்துவிட்டார்.

"டீச்சர், விடை எல்லாம் ஒங்ககிட்ட இருக்கு. மழை அவுககிட்ட இருக்கு. ரெண்டும் ஒண்ணாச் சேந்தா ஊருக்கு நல்லதுல்ல?"

"அவ அமுக்கிட்டுப் போறா. நான் எதுக்கு?"

"நீங்க பக்கத்துல ஒக்காந்து ஒன்னுக்கு இ, ரெண்டுக்கு அ-ன்னு சொன்னாப் போதும். ஒங்களுக்குத் தெரியாததா?"

கடைசியில் சொன்ன ஒரு வார்த்தைக்காக மங்களேஸ்வரி ஒத்துக்கொண்டாள். அவள் விடைகளைத் தாளில் எழுதிக்கொண்டு போய்ப் பூமயிலுக்குப் பக்கத்தில் நின்றாள். கேள்வியைப் படிக்கிற வேலைகூட இல்லை, எழுத்தை மட்டும் சொன்னாள், பூமயில் அமுக்கினாள், பத்துக்குப் பத்து மழை பெய்தது. அவளுடைய விடைகள்! முற்றத்தில் அவள் தனியாக உட்கார்ந்து அமுக்கியபோது வானத்தை அசைக்காத அதே விடைகள், பூமயிலின் விரல் வழியாகப் போனதும் கொட்டு கொட்டென்று கொட்டின. வயல்காரர்கள் ஓடிவந்து பூமயிலின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். "டீச்சரம்மா, நீங்களும் வந்தது சந்தோசம்" என்று மங்களேஸ்வரியிடம் சொன்னார்கள், பந்தியில் இடம் இல்லாமல் நிற்கிற சொந்தக்காரரிடம் சொல்வது போல.

சீனியம்மாள் வயலுக்கு முறை வந்தது பதினேழாம் பாடத்தில். சீனியம்மாள் புருஷனை இழந்தவள், அரை ஏக்கர்க்காரி, கூட நிற்க ஆள் கிடையாது. அன்றைக்கு ஊர்க்காரர்கள் பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போயிருந்தார்கள். வயலில் இருந்தவர்கள் சீனியம்மாள், பூமயில், மங்களேஸ்வரி, பிறகு பக்கத்து ஊரிலிருந்து மழையைப் பார்க்க வந்த நான்கு பேர். அந்த நான்கு பேர் பூமயிலுக்குச் சால்வை போர்த்தினார்கள், மாலை போட்டார்கள். மாலை போனை மறைத்தது. அவர்களில் ஒருவர் மங்களேஸ்வரியைத் திரும்பிப் பார்த்து, "ஏம்மா, நீங்க டீச்சருக்கு எடுபிடியா? இந்த மாலையக் கொஞ்சம் பிடிச்சுக்கங்க" என்றார்.

மங்களேஸ்வரி மாலையை வாங்கிப் பிடித்துக்கொண்டாள். தாளைப் பார்த்தாள். ஒன்றுக்கு இ என்று எழுதியிருந்தது. "ஒன்னுக்கு அ" என்றாள்.

சிவப்பு. மழை இல்லை. பூமயில் அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். "ரெண்டுக்கு ஈ" என்றாள் மங்களேஸ்வரி. சிவப்பு. இடையில் மூன்று விடைகளை ஒப்புக்குச் சரியாகச் சொன்னாள். பத்துக்கு மூன்று. வானத்தை அண்ணாந்து கைகூப்பியபடியே நின்றிருந்த சீனியம்மாள், முடிந்துவிட்டது என்று தெரிந்ததும் கைகளை இறக்கி, "எந்தலையெழுத்து தாயி, நீங்க ரெண்டு பேரும் என்ன செய்வீக" என்றாள். அந்தப் பாடம் கஷ்டமான பாடம் என்று ஊர் பேசிக்கொண்டது. பத்து நாளில் அந்த அரை ஏக்கரும் அடியோடு வாடிச் சாய்ந்தது. தண்டில் மட்டும் கொஞ்சம் பச்சை இருந்தது. மங்களேஸ்வரி அந்த வழியாகப் போவதை நிறுத்தினாள், ஒரு கிலோமீட்டர் சுற்றிப் போனாள். தான் செய்தது தப்பு என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது, அதே நேரம் அந்த ஏழு சிவப்பையும் நினைத்தால் உள்ளே எங்கோ குளுகுளுவென்றும் இருந்தது; அது தெரிந்ததில்தான் அவளுக்குத் தன்மேலேயே பயம் வந்தது.

மற்ற வயல்களுக்கெல்லாம் அவள் ஒழுங்காகச் சொன்னாள். பயம் ஒழுங்காகச் சொல்ல வைத்தது. இருபத்துநான்காம் பாடமும் முடிந்தது. பாடங்கள் தீர்ந்துவிட்டன, வயல் ஒன்று மீதம் இருந்தது. அப்போதுதான் ஊருக்கு உறைத்தது: மீதம் இருப்பது இறுதித் தேர்வு. அதில் ஐம்பது கேள்வி. கடைசியில் போடுங்கள் என்று விலகிப்போன மங்களம் டீச்சர் வயலுக்கு ஐம்பது மழை. "கணக்குப் போட்டுத்தான் கடைசியில கேட்டிருக்காக, படிச்சவுகல்ல!" என்று டீக்கடையில் ஒருத்தர் சொல்ல, மற்றவர்கள் ஆமாம் என்றார்கள். அவள் கணக்கே போடவில்லை என்று யார் சொன்னால் யார் நம்புவார்கள்?

சேதுமாணிக்கம் நான்கு வாரமாகப் பீப்பாயில் தண்ணீர் இழுத்துவந்து செடிக்குச் செடி செம்பால் ஊற்றி, பாதி வயலைத்தான் உயிரோடு வைத்திருந்தார். கை காய்த்துப்போயிருந்தது. "இன்னைக்கு ஒழுங்காச் சொல்லிரு மங்களம், ஒன்னக் கும்புடுறேன்" என்றார். அவர் அப்படிப் பேசுகிறவர் இல்லை.

முப்பதாம் தேதி காலை பத்து மணிக்கு ஊரே வரப்பில் நின்றது. இறுதித் தேர்வில் கேள்விகள் ஆளுக்கு ஆள் மாறி வரும், தாளில் எழுதிக்கொண்டு வர முடியாது. பூமயில் படிக்க வேண்டும், மங்களேஸ்வரி விடை சொல்ல வேண்டும், அறுபது நிமிஷம். பூமயில் நாற்காலியில் உட்கார்ந்தாள், போனைக் கவருக்குள் போட்டாள், தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தாள்: "குழந்தைக்கு எத்தனை மாதம் வரை தாய்ப்பால் மட்டும் கொடுக்க வேண்டும்?"

மங்களேஸ்வரி வயலைப் பார்த்தாள். தன் வயல், தன் செடி, தன் புருஷன், நடுவில் நாற்காலி போட்டு அவள். இப்போது இவள் விரலை வைப்பாள், இங்கே பெய்யும், இந்த வருஷத்து மிளகாய் இவளுடைய மிளகாய், குழம்பு கொதிக்கும்போதெல்லாம் இவள் ஞாபகம்தான் வரும். நினைத்துச் சொன்னாள் என்று சொல்ல முடியாது. வாய் தானாகச் சொன்னது.

"நாலு மாசம்."

"ஆறு மாசம்ல!" என்று வரப்பிலிருந்து கந்தவேலு கத்தினான்.

"ஆறு மாசம்" என்றார் தலைவர். "ஆறு, ஆறு" என்றன பிள்ளைகள். நரிப்பொட்டல் முழுக்க, பல் விழுந்தவர்கள் உட்பட, பால் குடிப்பவர்கள் தவிர, அத்தனை பேரும் ஆறு என்றார்கள். அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. மைக் செட் தன் வேலையைச் செய்திருந்தது.

சீனியம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "எனக்கே தெரியுது, டீச்சருக்குத் தெரியாதா?" என்றாள். அப்படிச் சொல்லிக்கொண்டே அவள் முகம் மாறியது. சேதுமாணிக்கம் தலையைக் குனிந்துகொண்டார்.

பூமயில் இன்னும் எதையும் அமுக்கவில்லை. போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"நேரம் ஓடுது டீச்சர், ஆறு மாசத்த அமுக்குங்க!" என்றார் தலைவர்.

"மங்களக்கா சொல்றததான் அமுக்குவேன்."

"அவுக தப்பால்ல சொல்றாக!"

"தெரியும். சீனியம்மா வயல்லயும் தெரியும்."

மங்களேஸ்வரி அவள் பக்கம் திரும்பினாள். "தெரிஞ்சா ஏன்டி அமுக்குன?"

பூமயில் உப்புக் கவரைத் தடவினாள். "எம்புட்டு இனிச்சுச்சு தெரியுமாக்கா" என்றாள். "ஆறு வருசமா குரூப்புல அறுபது பேரு ஒங்களுக்குக் கும்பிடு போடுறதப் பாத்துக்கிட்டே இருக்கேன். நான் அங்கிட்டுக் கேட்டு, இங்கிட்டுக் கேட்டு, தடவித் தடவி ஆறு வாங்குவேன். நீங்க பத்து வாங்கிட்டு, பாவம்னு என்னைய ஒரு பார்வை பாப்பீக. ஒரு தடவையாச்சும் இவுக தப்பாச் சொல்ல மாட்டாகளான்னு கெடந்தேன். அன்னைக்குச் சொன்னீக. ஒன்னு ரெண்டு இல்ல, ஏழு. எனக்கு நிப்பாட்ட மனசு வரல."

"எனக்கு ஒன்னப் பாத்தாலே வயிறு எரியுதுடி" என்றாள் மங்களேஸ்வரி. ஊர் முன்னால், புருஷன் முன்னால், தலைவர் முன்னால் சொன்னாள்.

"எனக்குந்தான்க்கா."

"அடிப் பாவிகளா" என்றாள் சீனியம்மாள். "ரெண்டு பேரு வயித்தெரிச்சலுக்கும் என் அரை ஏக்கருதான் கெடச்சுச்சா?"

போன் மடியில் கிடந்து நிமிஷங்களைக் குறைத்துக்கொண்டிருந்தது. ஐம்பத்துநான்கு. ஐம்பத்துமூன்று. மங்களேஸ்வரி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "ஆறு மாசம். அத அமுக்கு" என்றாள். பூமயில் அமுக்கினாள். பெய்தது.

பிறகு இருவரும் நிறுத்தவில்லை. பூமயில் படிக்க, மங்களேஸ்வரி சொல்ல, ஒரு மழை நிற்பதற்குள் அடுத்த மழை பிடித்தது, வரப்பு கரைந்தது, ஊர் நனைந்தது, சேதுமாணிக்கம் வயலின் நடுவில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். இருபத்தைந்து கேள்வி ஆனதும் மங்களேஸ்வரி, "எந்திரிடி" என்றாள்.

"எங்கக்கா?"

"சீனியம்மா வயலுக்கு. ஓடு."

"இன்னும் ஒரு அஞ்சு இங்கன பெஞ்சுட்டுப் போகட்டுமே" என்றார் சேதுமாணிக்கம்.

"போதும்" என்றாள். நியாயத்துக்காகச் சொன்னது பாதி, பூமயிலின் மழையில் இதற்குமேல் நிற்க முடியாமல் சொன்னது பாதி. எந்தப் பாதி பெரிது என்று அவளுக்கே தெரியாது, நான் எப்படிச் சொல்ல?

மூன்று வயல் தாண்டி ஓடினார்கள். ஊரும் பின்னால் ஓடியது. சாய்ந்து கிடந்த செடிகளுக்கு நடுவில், நாற்காலி வந்து சேர்வதற்கு முன்பே, நின்றபடி பூமயில் படித்தாள், மங்களேஸ்வரி சொன்னாள், இருபத்துநான்கு மழை பெய்தது. சீனியம்மாள் சகதியில் உட்கார்ந்து ஒவ்வொரு செடியாக நிமிர்த்தி மண் அணைத்தாள். சில நிமிர்ந்தன, சில நிமிரவில்லை. திட்டுவதையும் அவள் நிறுத்தவில்லை, இருவரையும் பேர் சொல்லி முறை வைத்துத் திட்டினாள். மங்களேஸ்வரி தலை முதல் கால் வரை நனைந்துவிட்டாள். உள்ளே எரிவது மட்டும் ஒரு சொட்டுக்கூட அணையவில்லை. எரிய எரிய விடை சொன்னாள்.

ஐம்பதாவது கேள்வி வந்தது. நான்கு நிமிஷம் மீதம் இருந்தது. பூமயில் திடீரென்று போனை அவள் கையில் கொடுத்தாள்.

"இத நீங்க அமுக்குங்கக்கா."

அன்பாகக் கொடுத்தாளா, என்ன ஆகிறதென்று பார்க்கத்தான் கொடுத்தாளா என்று ஊரில் இன்னமும் இரண்டு கட்சி இருக்கிறது. கேள்வி சுலபமான கேள்வி, உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டை எவ்வளவு தண்ணீரில் கலக்க வேண்டும் என்பது. ஒரு லிட்டர். அமுக்கினாள். பச்சை டிக் விழுந்தது.

எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். வானம் வெளுத்துக் கிடந்தது. ஒரு காக்கை போனது. ஒவ்வொருவராகத் தலையை இறக்கி, அவள் முகத்தைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்தார்கள். அவள் மட்டும் அண்ணாந்தே நின்றாள், ஒரு குடம் நிறைகிற நேரம் நின்றாள், இரண்டு குடம் நிறைகிற நேரமும் நின்றாள்.

"போச்சா, ஒரு மழ!" என்றாள் சீனியம்மாள் சகதியிலிருந்து. "நல்லா மேஞ்ச மாட்டக் கட்டிப்போட்ட மாதிரி! அவ கையில எதுக்குடி குடுத்த?"

முதலில் கந்தவேலு சிரித்தான். பிறகு மங்களேஸ்வரியே சிரித்துவிட்டாள். சிரிக்கும்போதே கண்ணிலிருந்து கொட்டியது, முகம் ஏற்கெனவே நனைந்திருந்ததால் யாருக்கும் தெரியவில்லை, பூமயிலுக்கு மட்டும் தெரிந்தது. பூமயில் போனை வாங்கிக்கொண்டாள். ஐம்பதுக்கு ஐம்பது என்று காட்டியது.

அந்த நாற்பத்தொன்பது மழையில் எது எந்த வயலில் பெய்தது என்று இன்றைக்கு நரிப்பொட்டலில் போய்க் கேட்டால் ஒருத்தருக்கும் நினைவில்லை. ஐம்பதாவதைத்தான் எல்லாருக்கும் தெரியும். மேகம் கூடி ஊரே அண்ணாந்து நின்று, ஒன்றும் விழாமல் கலைந்துபோனால், அதற்கு அங்கே மங்களம் டீச்சர் மழை என்று பேர். யாராவது அவள் முன்னால் அப்படிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டால், "கடிச்சுக்காதீக, சொல்லுங்க" என்பாள் மங்களேஸ்வரி. பூமயில் பேரில் அந்த ஊரில் ஒரு மழையும் இல்லை.